குட்டி கேமராவுக்கு பேட்டரி எத்தனை நாள் தாங்கும்?

பினாங்கு ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் மாமாவுக்கு ஒரு பூஜைச் சாமான் கடை. கற்பூரம், ஊதுபத்தி, தேங்காய், பூமாலை, அப்புறம் அர்ச்சனைத் தட்டில் வைக்கிற வாழைப்பழம். போன வருடம் மழை பிடித்த சமயத்தில் அந்த வாழைப்பழம் ராத்திரியில் காணாமல் போக ஆரம்பித்தது. தார் முழுக்கப் போகவில்லை, சீப்புக்கு நான்கு ஐந்து என்று குறையும். கடைப் பையன் பின்கட்டில்தான் தூங்குகிறான், சாவி ஒன்று அவனிடமும் இருக்கிறது, ஆகவே மாமாவின் சந்தேகம் நேராக அவன் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. "தம்பி, யாருக்கும் தெரியாத மாதிரி ஒரு சின்ன கேமரா வச்சிடு" என்றார்.

சரி என்று இறங்கினேன். கடை இருப்பது பாரம்பரியக் கட்டடம். 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஜார்ஜ்டவுன் சேர்ந்த பிறகு இந்தத் தெருக்களில் பழைய சுவரைத் தொடவே வீட்டுக்காரர்கள் பயப்படுகிறார்கள். துளை போடக் கூடாது, புது ஒயர் இழுக்கக் கூடாது. கடையில் பிளக் என்று இருப்பது கல்லாப்பெட்டி பக்கம் ஒன்றே ஒன்று, அதிலும் காலண்டர் விளக்கும் சாமி விளக்கும் செருகியிருக்கும். ஆகவே பேட்டரி கேமராதான் வழி.

இணையத்தில் தேடிப் பெருங்காய டப்பா அளவில் ஒன்று வாங்கினேன். "24 மணி நேரம்" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். ராத்திரி 10 மணிக்குக் கடை சாத்தும்போது பழத்தட்டுக்கு எதிரே ஊதுபத்திப் பெட்டிகளுக்கு நடுவில் வைத்துவிட்டு வந்தேன். காலையில் போய் மெமரி கார்டைக் கணினியில் போட்டால் வீடியோ 11 மணி 8 நிமிடத்தோடு நின்றிருக்கிறது. பழம் நான்கு காணோம். மாமா என்னைப் பார்த்த பார்வையை எழுத வேண்டாம்.

விற்றவரிடம் கேட்டேன். சார்ஜர் செருகியே இருந்தால் 24 மணி நேரம் ஓடுமாம். சார்ஜர் செருகியிருந்தால் வீட்டு மின்விசிறியும்தான் 24 மணி நேரம் ஓடும்.

இந்த ஒரு மணி எட்டு நிமிடம் எங்கிருந்து வந்தது என்பது புரிந்துவிட்டால், குட்டி கேமராவையும் பேட்டரியையும் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் முக்கால்வாசி புரிந்த மாதிரி. கொஞ்சம் கணக்கு வரும். பெருக்கலும் வகுத்தலும்தான், பயப்பட ஒன்றும் இல்லை.

பேட்டரியை ஓர் அரிசி மூட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். மூட்டையில் எவ்வளவு அரிசி இருக்கிறது என்பது ஒரு கேள்வி, வீட்டில் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு தின்கிறார்கள் என்பது இன்னொரு கேள்வி. மூட்டையில் இருப்பதை வாட்-மணி என்று அளப்பார்கள், தின்கிற வேகத்தை வாட் என்று அளப்பார்கள். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று வந்துவிடும்.

ஆனால் பேட்டரிமேல் பெரும்பாலும் வாட்-மணியைப் பெரிதாகப் போட மாட்டார்கள், எம்ஏஎச் என்றுதான் போடுவார்கள். அதாவது மில்லி ஆம்பியர்-மணி. இது எத்தனை படி அரிசி என்று சொல்வது மாதிரி. படியின் அளவு என்ன? அதுதான் வோல்ட். படி சின்னதா பெரியதா என்று தெரியாமல் படிக்கணக்கை மட்டும் சொன்னால் எவ்வளவு அரிசி என்று எப்படித் தெரியும்? ஹென்போனிலும் (கைப்பேசி) பவர் பேங்கிலும் கேமராவிலும் இருக்கிற லித்தியம் அயான் பேட்டரிக்குப் பேருக்கு 3.7 வோல்ட் (முழுசாக ஏறினால் 4.2, தீர்ந்துபோகும்போது 3 பக்கம்). ஆகவே எம்ஏஎச்-ஐ 1000-ஆல் வகுத்து 3.7-ஆல் பெருக்கினால் வாட்-மணி.

அந்தப் பெருங்காய டப்பாவைத் திறந்து பார்த்தேன். உள்ளே கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு பேட்டரி, 200 எம்ஏஎச் என்று போட்டிருந்தது. 0.2-ஐ 3.7-ஆல் பெருக்கினால் 0.74 வாட்-மணி. கேமரா எவ்வளவு தின்கிறது என்று பார்க்க ஒரு யூஎஸ்பி மீட்டர் செருகினேன். சார்ஜருக்கும் கருவிக்கும் நடுவில் செருகுகிற, தீப்பெட்டியை விடச் சின்ன சாமான், சில பத்து வெள்ளிக்குள் (ரிங்கிட்) கிடைக்கும், இந்த விஷயத்தில் ஆர்வம் இருந்தால் முதலில் இதைத்தான் வாங்க வேண்டும். உள் பேட்டரி முழுசாக ஏறிய பிறகு படம் பிடிக்க விட்டால் மீட்டர் 5 வோல்ட், 0.13 ஆம்பியர் காட்டியது. பெருக்கினால் 0.65 வாட். 0.74-ஐ 0.65-ஆல் வகுத்தால் 1.14 மணி. ஒரு மணி எட்டு நிமிடம்! பேட்டரி தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறது, விளம்பரம்தான் பொய்.

அதுவும் வைஃபை இல்லாமல், கார்டில் மட்டும் பதிகிற கேமரா. வைஃபை வழியாக ஹென்போனுக்குப் படம் அனுப்புகிற கேமரா என்றால் பகலில் ஒன்றரை வாட் போல இழுக்கும். ராத்திரி இருட்டில் பார்க்க அகச்சிவப்பு விளக்குகளைப் போட்டுக்கொள்ளும், அப்போது இன்னும் ஒரு வாட் சேர்ந்து இரண்டரை. மாடலுக்கு மாடல் கூடும் குறையும், ஆனால் இந்த வட்டாரத்தில்தான் இருக்கும். அந்த விளக்கு எல்.இ.டி.களில் இரண்டு வகை உண்டு. 850 நானோமீட்டர் வகை இருட்டில் மங்கலாகச் சிவந்து தெரியும், 940 வகை கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அதே மின்சாரத்துக்கு அவ்வளவு தூரம் எட்டாது.

பவர் பேங்க் போட்டால் என்ன என்று மாமா கேட்டார். எல்லோரும் கேட்கிற கேள்விதான். 10,000 எம்ஏஎச் என்று போட்ட பவர் பேங்கில் உள்ளே இருப்பது 37 வாட்-மணி. வெளியே யூஎஸ்பியில் வருவது 5 வோல்ட், அதாவது பெரிய படி, ஆகவே படிக்கணக்கு 7,400 ஆகக் குறையும். அதோடு 3.7-ஐ 5-ஆக ஏற்றுகிற சுற்று தன் கூலியை எடுத்துக்கொள்ளும், நல்லதாக இருந்தாலும் பத்து பதினைந்து சதவீதம் சூடாகப் போய்விடும். கைக்கு வருவது 31 வாட்-மணி போல. பகல் 12 மணி நேரம் ஒன்றரை வாட், ராத்திரி 12 மணி நேரம் இரண்டரை வாட் என்றால் ஒரு நாளைக்கு 48 வாட்-மணி வேண்டும். 31 எங்கே, 48 எங்கே. பவர் பேங்க் ஒரு முழு நாளைக்கே பத்தாது. ஒரு வாரம் நிற்காமல் ஓட 336 வாட்-மணி, கிட்டத்தட்ட 11 பவர் பேங்க். 12 வோல்ட் 45 ஆம்பியர்-மணி கார் பேட்டரி ஒன்றில் 540 வாட்-மணி இருக்கிறது, ஆனால் அது ஈய அமில வகை, பாதிக்கு மேல் இறக்கினால் சீக்கிரம் செத்துப்போகும், எனவே அதுவும் ஒரு வாரத்துக்குப் பத்தாது. ஒரு "குட்டி" கேமராவுக்குப் பின்னால் கார் பேட்டரியை ஒளித்து வைப்பது எப்படி என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

படங்களில் சட்டைப் பொத்தான் அளவு கேமரா வாரக்கணக்கில் உளவு பார்க்குமே, அது? கடிகாரத்தில் போடுகிற சிஆர்2032 வட்டப் பேட்டரியை எடுத்துக்கொள்வோம். 3 வோல்ட், 220 எம்ஏஎச் போல, மொத்தம் 0.66 வாட்-மணி. அதைவிடப் பெரிய சிக்கல், அந்தப் பேட்டரியால் நிம்மதியாகத் தர முடிவது சில மில்லி ஆம்பியர்தான். வைஃபை ஒருமுறை வாயைத் திறந்தாலே நூற்றுக்கணக்கில் கேட்கும். கேட்ட மாத்திரத்தில் வோல்ட் சரிந்து கேமரா அணைந்துவிடும். மூட்டையில் அரிசி இருந்தும் வாய் ஊசித்துளை அளவுதான் என்றால் சோறு வேகுமா?

இதிலிருந்து, பினாங்கின் 'பத்து ஃபெரிங்கி' கடற்கரைப் பக்கம் ஹோம்ஸ்டே எடுத்துத் தங்குகிறவர்களுக்கு ஒரு உபயோகமான விஷயம் கிடைக்கிறது. அறையில் யாராவது திருட்டுத்தனமாகக் கேமரா வைத்திருப்பார்களோ என்று பயந்தால், முதலில் பார்க்க வேண்டியது பிளக்கில் செருகியிருக்கிற சாமான்களை: சார்ஜர் அடாப்டர், மேசைக் கடிகாரம், எக்ஸ்டென்ஷன் பலகை. நாள்கணக்கில் ஓட வேண்டிய கேமராவுக்குச் சுவர் மின்சாரம்தான் சுலபம், அதனால்தான் அந்த மாதிரிக் கேமராக்கள் அடாப்டர் வேஷத்திலும் கடிகார வேஷத்திலும் வருகின்றன. ஒன்றும் சார்ஜ் ஆகாமல் இருக்கும்போதே ஓர் அடாப்டர் தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தால் கழற்றி வைத்துவிடுங்கள். ஒன்றரை வாட் நிற்காமல் ஓடினால் சின்னப் பெட்டி சுடத்தான் செய்யும்.

சரி, அப்படியானால் கடைகளில் "மூன்று மாதம் தாங்கும்" "ஆறு மாதம் தாங்கும்" என்று விற்கிற பேட்டரி கேமராக்கள் எல்லாம் பொய்யா? பொய் இல்லை. அவை நாள் முழுக்கத் தூங்குகின்றன.

இந்தத் தூக்கம்தான் முழு ரகசியமும். கேமராவின் கண்ணும் வைஃபையும் மூளையின் பெரும்பகுதியும் அணைந்து கிடக்கும், ஒரே ஒரு சின்ன உணரி மட்டும் விழித்திருக்கும். அதன் பெயர் பிஐஆர். மனிதர், பிராணிகள் உடம்பிலிருந்து வருகிற வெப்பக் கதிர் அதன் முன்னால் நகர்ந்தால் கேமராவைத் தட்டி எழுப்பும். எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் தனியாக விற்கிற எச்.சி.-எஸ்ஆர்501 பிஐஆர் பலகை சும்மா இருக்கும்போது 65 மைக்ரோ ஆம்பியருக்கும் கீழேதான் குடிக்கும். ஓர் ஆம்பியரில் பத்து லட்சத்தில் 65 பங்கு. எறும்பு தின்று அரிசி குறையுமா என்கிற கணக்கு.

பெருங்காய டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டு மாமாவுக்கு இந்த வகையில் ஒன்று வாங்கினேன், 5,200 எம்ஏஎச். பெருக்கினால் 19.2 வாட்-மணி, கடைசிச் சொட்டு வரை இறக்க விடமாட்டார்கள் என்பதால் கைக்கு 16.4 என்று வைத்துக்கொள்வோம். தூங்கும்போது கேமரா முழுசுமாக ஒரு மில்லி ஆம்பியர் தின்றால் ஒரு நாளைக்கு 0.09 வாட்-மணி. ஒருமுறை எழுந்து, வைஃபையைப் பிடித்து, 20 விநாடி படம் எடுத்து அனுப்பிவிட்டுத் திரும்பத் தூங்க மொத்தம் 30 விநாடி, ஒன்றரை வாட் என்றால் 0.0125 வாட்-மணி. இப்போது பாருங்கள். ஒரு நாளைக்கு 5 முறை எழுந்தால் 108 நாள் தாங்கும். 20 முறை என்றால் 48 நாள். 100 முறை என்றால் 12 நாள். 400 முறை என்றால் மூன்றே நாள்.

ஒரே கேமரா, ஒரே பேட்டரி! ஆகவே "எத்தனை நாள் தாங்கும்" என்று பேட்டரியைப் பார்த்துக் கேட்பது பாதிக் கேள்விதான், அதன் முன்னால் எத்தனை பேர் நடக்கிறார்கள் என்பது மீதிக் கேள்வி. விளம்பரத்தில் ஆறு மாதம் என்று போடுகிறவர்கள் யாரும் வராத ஒரு வீட்டு வாசலை மனதில் வைத்துக் கணக்குப் போடுகிறார்கள், தீபாவளி வாரத்தில் லிட்டில் இந்தியாவை அவர்கள் பார்த்ததில்லை. மாமா பார்த்தார். தீபாவளிக் கூட்டத்தில் வெளியே அடுக்கிய அகல் விளக்குகளை யாராவது எடுத்துவிடுவார்கள் என்று கேமராவைத் திருப்பிக் காக்கி லீமா பக்கம் வைத்தார், ஐந்தடி நடைபாதையில் போகிற வருகிற எல்லோரையும் அது எழுந்து எழுந்து பார்த்தது, நான்காம் நாள் காலை பேட்டரி காலி.

பழத்துக்கு வருவோம். முதல் ராத்திரி புது கேமரா ஒன்றையும் பிடிக்கவில்லை, பழம் மட்டும் குறைந்திருந்தது. மாமா மறுபடியும் அந்தப் பார்வை பார்த்தார். தப்பு என்னுடையதுதான். பிஐஆர் உணரி இரண்டு கட்டமாகப் பிரிந்திருக்கும், வெப்பம் ஒரு கட்டத்திலிருந்து இன்னொன்றுக்குக் கடந்தால்தான் அதற்கு உறைக்கும். குறுக்கே போனால் சட்டென்று பிடிக்கும், நேராக அதை நோக்கி வந்தால் மெத்தனமாக இருக்கும். நான் வைத்த இடம் நேர்கோட்டில். மறுநாள் அலமாரியின் பக்கவாட்டில் மாற்றி வைத்தேன். ராத்திரி 2 மணி 40 நிமிடத்துக்கு என் ஹென்போன் அடித்தது. முதல் வீடியோவில் ஒரு வால் நுனியும் ஆடிக்கொண்டிருக்கிற வாழைச் சீப்பும்தான் இருந்தன. தூங்குகிற கேமரா எழுந்து கண்ணைத் திறக்க ஒன்றிரண்டு விநாடி ஆகும், அதற்குள் ஆள் பாதி தூரம் போயிருப்பார். இரண்டாவது வீடியோவில் முழுசாக நின்றது: மூசாங். ஊரில் மரநாய் என்பார்கள். இரண்டு கண்ணும் வெள்ளைப் பொட்டாக மின்ன, தட்டில் உட்கார்ந்து தோல் உரிக்காமலேயே தின்றுகொண்டிருந்தது. நடுமுற்றத்து ஓட்டுச் சந்து வழியாக இறங்கியிருக்கிறது. மாமா பையனிடம் ஒன்றும் சொல்லவில்லை, அன்று காலை அவனுக்கு ரொட்டி சானாய் இரண்டு வாங்கிக் கொடுத்ததோடு சரி.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. மாமா முதலில் கேமரா வைக்கச் சொன்னது பழத்தட்டுக்கு எதிரே அல்ல, பையன் தூங்குகிற பின்கட்டில். நான் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஒருவர் படுக்கிற, உடை மாற்றுகிற இடத்தில் தெரியாமல் கேமரா வைப்பது அசிங்கம், அதோடு சட்டமும் சும்மா விடாது. மலேசியக் குற்றவியல் சட்டம் 509-ஆம் பிரிவில் ஒருவரின் மானத்தை அவமதிக்கும் நோக்கத்தோடு அவருடைய அந்தரங்கத்தில் நுழைந்தால் ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பக்கத்து வீட்டைப் பார்த்துத் திரும்பியிருந்த சிசிடிவி அந்தரங்கத்தை மீறுகிறது என்று 2011-இல் ஜொகூர் பாரு உயர் நீதிமன்றத்தில் தீர்ப்பே வந்திருக்கிறது. கடைக்குள் கேமரா இருக்கிறது என்று ஒரு அட்டை எழுதி ஒட்டிவிடுங்கள். திருட வருகிறவன் அதைப் படித்துவிட்டுத் திரும்பிப் போனால் பேட்டரியும் மிச்சம். மூசாங்குக்குத்தான் படிக்கத் தெரியாது.

பிஐஆரைப் பற்றி இன்னும் கொஞ்சம். அது பார்ப்பது வெப்ப வித்தியாசத்தை. மத்தியானம் 33, 34 டிகிரியில் சுவரும் மனிதனும் கிட்டத்தட்ட ஒரே சூட்டில் இருந்தால் அது திணறும், ராத்திரி நன்றாக வேலை செய்யும். கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் வேலையே செய்யாது, அந்த வெப்பக் கதிர் கண்ணாடியைத் தாண்டாது. வெயிலில் காய்ந்த இரும்பு ஷட்டர் முன்னால் வைத்தால் ஆள் இல்லாமலே எழுந்துகொண்டிருக்கும்.

பக்கத்துக் கடைக்காரர் மகன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். நம்ம கதையைக் கேட்டுவிட்டு இஎஸ்பி32-கேம் என்கிற சின்னப் பலகை ஒன்று வாங்கிக் கேமரா செய்து கொண்டுவந்தான். மலிவான, அருமையான சாமான், கற்றுக்கொள்ள அதைவிட நல்லது இல்லை. பவர் பேங்கில் செருகி, ஆள் வந்தால் மட்டும் எழு என்று நிரல் எழுதியிருந்தான். அரை நிமிடத்தில் பவர் பேங்க் அணைந்துவிட்டது. தட்டினால் எரியும், மறுபடி அணையும். பையன் நிரலை நான்கு முறை மாற்றி எழுதினான். நிரலில் ஒரு குறையும் இல்லை. பெரும்பாலான பவர் பேங்குகள் 50 முதல் 100 மில்லி ஆம்பியருக்குக் கீழே இழுத்தால் "ஹென்போன் சார்ஜ் முடிந்துவிட்டது" என்று நினைத்துத் தானே அணைந்துகொள்ளும். கேமரா நன்றாகத் தூங்கியதுதான் வினை. இதற்காகவே சில பவர் பேங்குகளில் குறைந்த மின்னோட்டத்துக்கென்று தனி நிலை வைத்திருக்கிறார்கள், பட்டனை இரண்டு முறை அழுத்தினால் வரும். அந்தப் பலகையிலேயே இன்னொரு குறை: உள்ளே இருக்கும் சில்லு ஆழ்ந்து தூங்கினால் மைக்ரோ ஆம்பியர் கணக்கில்தான் குடிக்கும், ஆனால் பலகையில் உள்ள மற்ற சாமான்கள் விழித்தே இருப்பதால் தயாரிப்பாளர் தாளிலேயே 6 மில்லி ஆம்பியர் என்று போட்டிருக்கிறார்கள். ஒரு நாளைக்கு 0.72 வாட்-மணி. மாமாவின் கேமரா தூக்கத்தில் தின்பதைப் போல எட்டு மடங்கு.

பேட்டரி வாங்கும்போது ஏமாறாமல் இருக்க ஒரு வழி சொல்கிறேன். இந்தக் கேமராக்களில் நிறைய இடத்தில் இருப்பது 18650 என்கிற உருளை, 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், பெயரே அளவுதான். அந்த அளவுக்குள் நேர்மையாக அடைக்க முடிவது 3,500 எம்ஏஎச் சுற்றுவட்டாரம். 9,900 என்று அச்சடித்து விற்கிறார்கள், அதைப் பார்த்தால் தொடவே வேண்டாம். நல்ல செல் 45 முதல் 50 கிராம் இருக்கும். இணையத்தில் வாங்கிய இரண்டை மாமாவின் கற்பூரத் தராசில் வைத்துப் பார்த்தேன். ஒன்று 46 கிராம், இன்னொன்று 29. அந்தத் தராசைப் பார்த்துத்தான் மாமா ஒருவழியாக என்னை நம்பினார்.

வெயில். நம்ம ஊரில் குளிரால் பேட்டரி படுக்கிற பிரச்சினை இல்லை, சூடுதான் எமன். லித்தியம் அயான் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. தகரக் கூரைக்கு அடியிலும், மத்தியான வெயில் நேராக விழுகிற கறுப்புப் பெட்டிக்குள்ளும் அந்தச் சூடு சாதாரணமாக வரும். பேட்டரி உப்பியிருந்தால் குத்திப் பார்க்காதீர்கள், அமுக்கி மூடாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள், வீட்டுக் குப்பையிலும் போடாதீர்கள். எலக்ட்ரானிக் கழிவு எடுக்கிற இடத்தில் கொடுத்துவிடுங்கள். வெயில் படுகிற இடத்தில்தான் வைத்தாக வேண்டும் என்றால் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை பார்க்கலாம். 3.2 வோல்ட், கொஞ்சம் பருமன், ஆனால் சூட்டுக்கு அவ்வளவு எளிதில் கோபப்படாது, ஆயிரக்கணக்கான முறை சார்ஜ் ஏற்றலாம். சாதாரண வகை 300 முதல் 500 முறை முழுசாக ஏறி இறங்கினால் ஐந்தில் ஒரு பங்கு போல இழந்துவிடும்.

சில கேமராக்கள் சார்ஜே செய்யாத ஏஏ லித்தியம் செல் இரண்டில் ஓடுகின்றன. ஒரு செல்லில் 4.5 வாட்-மணி போல, இரண்டில் 9. சும்மா இருந்தால் வருடக்கணக்கில் கெடாது என்பதுதான் அதன் பெருமை. லித்தியம் போடச் சொன்ன இடத்தில் சாதாரண ஆல்கலைன் போடாதீர்கள், கலந்தும் போடாதீர்கள்.

சூரிய ஒளித் தகடு வைத்தால் சார்ஜ் கவலையே இல்லையே என்பார்கள். தூங்குகிற கேமராவுக்கு உண்மைதான். 3 வாட் தகடு, நாளுக்கு நான்கு மணி நேர நல்ல வெயில், சூடு, தூசி, மேகம் என்று நாற்பது சதவீதம் கழித்தால்கூட 7 வாட்-மணி வந்துவிடும், மாமா கேமராவுக்கு அரை வாட்-மணிகூட வேண்டாம். நாள் முழுக்க ஓடுகிற கேமராவுக்கு 48 வேண்டும், அதற்கு 20 வாட் தகடு, மழை நாளுக்குச் சேமிக்கப் பெரிய பேட்டரி, அது வேறு உலகம். காக்கி லீமாவின் கூரை நிழலில் தகட்டை மாட்டிவிட்டு "சோலார் வேலை செய்யவில்லை" என்று சொல்கிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். அந்த நிழலில் நாம் சுகமாக நடக்கலாம், தகடு பட்டினி கிடக்கும்.

அப்புறம், பிளக்கே இருக்கிறது, கரண்ட் போனால் மட்டும் தாங்க வேண்டும் என்பவர்கள் இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை. மோடத்துக்கென்று விற்கிற மினி யூபிஎஸ் ஒன்று போதும். ஆனால் கேமராவோடு வைஃபை மோடத்தையும் அதில் செருக வேண்டும். மோடம் அணைந்த பிறகு கேமரா மட்டும் விழித்திருந்து யாருக்கு அனுப்பும்?

மாமா இப்போது இதில் என்னைவிடத் தேறிவிட்டார். சார்ஜ் போட்ட தேதியைத் தினசரிக் காலண்டர் தாளைக் கிழிக்கும் முன் அதன் பின்னால் எழுதி, கல்லாப்பெட்டியில் ரப்பர் பேண்டு போட்டு வைத்திருக்கிறார். 44 நாள், 3 நாள் (தீபாவளி), 46, 43. அதற்கடுத்த தடவை 29 என்று வந்ததும் பேட்டரி போய்விட்டது என்று என்னைக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால், பழைய இடத்தில் ஒழுகுகிறது என்று வைஃபை மோடத்தை இரும்பு அலமாரிக்குப் பின்னால் நகர்த்தியிருக்கிறார். சிக்னல் பலவீனமானால் கேமரா அனுப்பியதையே திரும்பத் திரும்ப அனுப்பும், ஒவ்வொரு முறையும் கூடுதல் நேரம் விழித்திருக்கும். மோடத்தை அலமாரி மேல் ஏற்றி வைத்தேன். நேற்றுப் போனபோது 17-ஆம் நாள், 64 சதவீதம் இருந்தது. மாமா தாளில் அதையும் எழுதிக்கொண்டார்.